முத்துச் சிப்பியும் திருவுளச் சீட்டும்
தொகுத்தறி அளவையியலில் சமச்சீர்மைக் கோட்பாடுகள் குறித்து ஓர் அறிமுகம்

இறையியல் மாணாக்கர் பலருக்கு அளவையியல் என்றவுடன் நினைவுக்கு வருவது பகுத்தறி அளவையே. பொது உண்மையிலிருந்து சிறப்பு உண்மைக்கு இறங்கிவரும் அம்முறையில் முற்கூற்றுகள் மெய்யாயின் முடிவும் மெய்யாகும். ஆனால் ஆயர் ஒருவர் தம் அன்றாடப் பணியில் செய்யும் தீர்ப்புகளுள் பெரும்பாலானவை அத்தகையன அல்ல. கண்ட சிலவற்றிலிருந்து காணாத பலவற்றைக் குறித்து முடிவு செய்கிறோம். நேற்றைய நடத்தையிலிருந்து நாளைய நடத்தையை எதிர்பார்க்கிறோம். இத்தகைய முடிவுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என ஆராய்வதே தொகுத்தறி அளவையியல். அதன் அடித்தளத்தில் உள்ள வினா எளியது: சான்று ஏதும் கிடைக்குமுன் ஒரு நேர்மையான அறிவு தன் நம்பிக்கையை எவ்வாறு பங்கிட வேண்டும்? இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளுள் தலையாயவை சமச்சீர்மைக் கோட்பாடுகள் எனப்படுபவை. அவற்றைத் தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்பைத் துணைகொண்டு விளக்குவதும், திருச்சபை வாழ்வுக்கு அவை தரும் எச்சரிக்கையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூன்று குவியல்கள்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. குளிப்பு நடத்துவதா வேண்டாவா எனத் தீர்மானிக்குமுன், பார் எனப்படும் கடலடிப் பாறைத் தளங்களைச் சோதிப்பர். அங்கிருந்து சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்னும் கணக்கு வந்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும்.

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் இலங்கைக் கரையில் நிலவிய பங்கீட்டு முறை நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. படகில் வந்த சிப்பிகளைக் கொட்டு என வழங்கிய அடைப்புக்குள் கொணர்ந்து, குளிப்போர் அவற்றை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். எக்குவியல் குளிப்போருக்கு உரியது என்பதைப் பிரித்தவர் அல்லர், அரசு அலுவலரே குறிப்பார். மற்ற இரண்டும் அரசைச் சாரும். அரசின் பங்கு, திறக்கப்படாத நிலையிலேயே, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என ஏலம் விடப்படும்.

பிரித்தவன் தன் பங்கு எதுவென அறியான். ஆதலின் எக்குவியலையும் மற்றதைவிடச் சிறப்பாக வைக்க அவனுக்குக் காரணம் இல்லை. குறிப்பவரோ மூடிய சிப்பிக்குள் காணார். ஆதலின் எக்குவியலையும் விரும்பக் காரணம் இல்லை. அறியாமை இருபுறமும் சமமாக இருப்பதால் நீதி நிலைநிற்கிறது. ஆபிராம் லோத்திடம், நீ இடப்புறம் போனால் நான் வலப்புறம் போவேன் என்ற பொருள்படத் தெரிவுரிமையை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சி (ஆதியாகமம் 13) ஈண்டு நினைவுக்கு வரலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லோத்து கண்களை ஏறெடுத்து யோர்தான் சமபூமியைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். கொட்டில் நின்றவருக்கு அவ்வாறு பார்க்க வழியில்லை.

2. வேறுபாடின்மைக் கோட்பாடும் அதன் இடர்ப்பாடும்

ஒன்றைவிட மற்றொன்றை எதிர்பார்க்கக் காரணம் ஏதும் இல்லாதபோது இரண்டுக்கும் சம நிகழ்தகவு தருக என்பது பழைய விதி. 1921-இல் ஜான் மேனார்ட் கெயின்ஸ் இதற்கு வேறுபாடின்மைக் கோட்பாடு எனப் பெயரிட்டார். இதன் வரலாற்றில் நம் வாசகர் பெருமை கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. நிகழ்தகவு வழியே சான்றிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் முறையை முதலில் வகுத்த தாமஸ் பேய்ஸ், இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரெஸ்பிட்டேரியன் சபை ஊழியராக இருந்தவர். அவர் 1761-இல் காலமான பின், அவருடைய கட்டுரையை 1763-இல் வெளிக்கொணர்ந்த ரிச்சர்டு பிரைசும் ஒரு சபை ஊழியரே. பின்னர் 1774-இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் அதே வழியை விரிவாகக் கையாண்டார்.

ஆனால் இக்கோட்பாட்டில் ஒரு கண்ணி உள்ளது. மூடிய சிப்பி ஒன்று நம் முன் இருக்கிறது. அதில் முத்து உண்டு அல்லது இல்லை; இரண்டில் ஒன்று. எனவே முத்து இருக்க 1/2 வாய்ப்பு என்கிறான் ஒருவன். முத்து வணிகனோ முத்துகளை ஆணி, களிப்பு, குறுவல், தூள் எனப் பல தரங்களாகப் பிரித்துப் பழகியவன். நான்கு தரங்களை மட்டும் கொண்டாலும், முத்தின்மையோடு சேர்த்து ஐந்து நிலைகள் ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1/5 தந்தால், முத்து இருக்க வாய்ப்பு 4/5 ஆகிறது. சிப்பி மாறவில்லை, அறியாமையும் மாறவில்லை, சொற்பட்டியல் ஒன்றே மாறியது. பட்டியலுக்கேற்ப விடை மாறுமாயின், அவ்விடையைத் தந்தது நியாயமன்று, மொழியே.

அருளுரை மேடைகளில் இடையிடையே கேட்கப்படும் ஒரு வாதத்தை இங்கு உரசிப் பார்க்கலாம். "கடவுள் உண்டு, அல்லது இல்லை, ஆகவே குறைந்தது பாதி வாய்ப்பாவது உண்டு" என்பது அது. விசுவாசத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதால் வாதம் செம்மையாகிவிடாது. கேட்போருள் ஒருவர் எழுந்து, "ஒரு தெய்வம், பல தெய்வங்கள், தெய்வமின்மை என மூன்றாகப் பிரித்தால் என்ன ஆகும்?" என வினவினால், பாதி என்பது மூன்றில் ஒன்றாகிவிடும். அறியாமையிலிருந்து எண்ணைப் பிழிந்தெடுக்க முயல்வதே இதன் குற்றம். நம் விசுவாசம் இத்தகைய கணக்கின்மேல் நிற்பதன்று. ஆதலின் அதற்கு இத்தகைய முட்டுக்கொடுப்பும் தேவையில்லை.

3. பெயர்களின் சமத்துவம்

பட்டியலைச் சாராத, மேலும் அடக்கமான ஒரு சமச்சீர்மையை இருபதாம் நூற்றாண்டு அறிஞர் கண்டனர். கேம்பிரிட்ஜ் அளவையியலாளர் டபிள்யூ. ஈ. ஜான்சன் 1924-இலும், இத்தாலியக் கணித அறிஞர் புரூனோ தெ ஃபினெட்டி 1930-களிலும் இதனைத் தனித்தனியே வகுத்தனர். இதனைப் பரிமாற்றத்தகுமை எனலாம். பத்துச் சிப்பிகளைத் திறக்கிறோம். மூன்றில் முத்து, ஏழில் இல்லை. எந்த மூன்றில் இருந்தது, எவ்வரிசையில் திறந்தோம் என்பன நம் முடிவைப் பாதிக்கலாகாது. முதற் சிப்பி, ஏழாம் சிப்பி என்பன வெறும் பெயர்கள். பெயர்களை மாற்றியடுக்கினாலும் நிகழ்தகவு மாறாதிருக்க வேண்டும்.

இக்கோட்பாடு முத்து உண்டா இல்லையா என்பதற்குச் சம வாய்ப்பு தரச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. அது பண்புகளைச் சமப்படுத்துவதில்லை, ஆட்களையே சமப்படுத்துகிறது. ஒருவருடைய பெயர் ஒன்றே காரணமாக அவரைக் குறித்து வேறொரு முடிவுக்கு வராதே என்பதே அதன் கட்டளை. பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் தரித்தவனுக்கு ஓர் ஆசனமும் கந்தையானவனுக்கு வேறோர் இடமும் காட்டும் பட்சபாதத்தை யாக்கோபு கண்டிக்கிறார் (யாக்கோபு 2). அக்கண்டனத்தின் அறிவுசார் இணையாக இதனைக் கொள்ளலாம்.

தெ ஃபினெட்டி நிறுவிய ஒரு தேற்றம் இதன் உட்பொருளை வெளிப்படுத்துகிறது. முடிவின்றி நீளத்தக்க ஒரு வரிசையின் உறுப்புகளை ஒருவன் இவ்வாறு பரிமாற்றத்தக்கவையாகக் கருதினால், அவன் பின்வருமாறு எண்ணுபவனுக்கு ஒப்பாகிறான்: பாரில் முத்துள்ள சிப்பிகளின் விகிதம் ஒன்று உண்டு, அதனை நான் அறியேன், ஆயின் சாத்தியமான விகிதங்கள்மீது என் நம்பிக்கையைப் பங்கிட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு சிப்பியும் திறக்கப்படும்போது அப்பங்கீட்டைத் திருத்துகிறேன். கற்றல் என்பது இத்திருத்தமே.

4. கற்றுக்கொள்ளாத சமத்துவம்

பெயர்களைச் சமமாக நடத்துவது இன்றியமையாதது. எனினும் அதுமட்டும் போதாது. ருடால்ஃப் கார்னாப் 1950-இல் வெளியிட்ட பெருநூலில் இதனைத் தெளிவாகக் காட்டினார். சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை உணரலாம்.

மூன்று சிப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் முத்து இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆக எட்டு நிலைகள். எட்டுக்கும் 1/8 வீதம் சமமாகத் தருவோம். இதைவிட நேர்மையான பங்கீடு வேறென்ன எனத் தோன்றும். இப்போது முதல் இரண்டு சிப்பிகளைத் திறந்தோம், இரண்டிலும் முத்து. மூன்றாவதில் முத்து இருக்க வாய்ப்பு என்ன? எஞ்சிய நிலைகள் இரண்டே: மூன்றிலும் முத்து, முதல் இரண்டில் மட்டும் முத்து. இரண்டும் சம எடையுடையவை. எனவே வாய்ப்பு 1/2. ஒன்றும் திறவாதபோதும் 1/2. இரண்டு திறந்தபின்னும் 1/2. ஆயிரம் சிப்பி திறந்து ஆயிரத்திலும் முத்து கண்டாலும், அடுத்ததற்கு அதே 1/2. குற்றமற்ற சமத்துவம் போலத் தோன்றிய இப்பங்கீடு அனுபவத்துக்குச் செவிகொடுக்க மறுக்கிறது.

கார்னாப் காட்டிய மாற்றுவழி வேறு. மொத்தம் எத்தனை முத்து என்பதை முதலில் கருதுக. பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1/4. பின்னர் ஒவ்வோர் அமைப்புக்குள்ளும் உள்ள நிலைகளுக்கு அதனைச் சமமாகப் பிரிக்க. மூன்றிலும் முத்து என்பது ஒரே நிலை. அதற்கு 1/4 முழுவதும் சேரும். இரண்டு முத்து என்பது மூன்று நிலைகளில் அமையலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/12. இப்போது முதல் இரண்டில் முத்து கண்டால், எஞ்சும் இரு நிலைகளின் எடைகள் 1/4, 1/12. இவற்றின் கூட்டுத்தொகை 1/3. அடுத்ததில் முத்து இருக்க வாய்ப்பு 1/3-இல் 1/4, அதாவது 3/4. லாப்லாஸ் தந்த விதியும் இதுவே: கண்ட வெற்றிகளோடு ஒன்றும், சோதித்த எண்ணிக்கையோடு இரண்டும் கூட்டி வகுக்க. பத்துச் சிப்பியில் ஒன்றிலும் முத்து இல்லையெனில் அடுத்ததற்கு 1/12. நம்பிக்கை குன்றுகிறது, ஆனால் அற்றுப்போகவில்லை.

இரு முறைகளும் பெயர்களைச் சமமாகவே நடத்துகின்றன என்பது கருதத்தக்கது. அவற்றின் வேற்றுமை கற்கும் வேகத்தில் உள்ளது. 1952-இல் கார்னாப் இவற்றைத் தொடர்ச்சியான ஒரு வரிசையில் அமைத்தார். வரிசையின் ஒரு முனையில், இரண்டு சிப்பியில் முத்து இல்லையென்றால் எச்சிப்பியிலும் இல்லை எனத் துணியும் அவசரக்காரன். மறுமுனையில், எத்தனை சான்று வந்தாலும் அசையாதவன். இவ்விரு முனைகளுக்கும் இடையே எங்கு நிற்பது என்பதைச் சமச்சீர்மை மட்டும் சொல்லித் தராது. அண்மைக் காலத்தில் ஜெஃப் பாரிசும் அலேனா வெங்கொவ்ஸ்காவும் 2015-இல் வெளியிட்ட நூலில் பெயர்ச் சமச்சீர்மை, பண்புச் சமச்சீர்மை முதலிய பல கோட்பாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எதனைக் கட்டாயப்படுத்தும் என விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

அசையாதவனின் நிலையைத் தெ ஃபினெட்டியின் மொழியில் சொன்னால், அவன் தன் நம்பிக்கை முழுவதையும் ஒரே விகிதத்தின்மேல் வைத்துவிட்டவன். திருத்துவதற்கு அவனிடம் ஒன்றும் எஞ்சவில்லை. 1650-இல் ஆலிவர் கிராம்வெல் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பேரவைக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் தவறியிருக்கக்கூடும் என எண்ணிப் பார்க்குமாறு மன்றாடினார். அதனை நினைந்தே புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி, சாத்தியமான எதற்கும் பூச்சிய நிகழ்தகவு தராதே என்னும் விதிக்குக் கிராம்வெல் விதி எனப் பெயரிட்டார். திருச்சபைக்கு எழுதப்பட்ட ஒரு வேண்டுகோள் அளவையியலின் விதியாக நிலைபெற்றது சிந்திக்கத்தக்கது.

5. தொடர்ந்த நல்லாண்டுகள்

சமச்சீர்மையைத் தகாத இடத்தில் கொண்டால் விளைவது யாது என்பதை மன்னார் வளைகுடாவே கற்பித்திருக்கிறது. இலங்கைக் கரையில் 1903 முதல் ஆண்டுதோறும் குளிப்பு நடைபெற்றது. 1905-இல் விளைவு மிகப் பெரிதாயிருந்தது. இந்நிலையில், 1906-இல் தனியார் கம்பெனி ஒன்று இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்குக் குத்தகை மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். 1907-க்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்குக் குளிப்பே நிகழவில்லை.

இப்பிழையின் வேர் எங்கே? ஒரு பாரின் சிப்பிகளை ஒன்றுக்கொன்று பரிமாற்றத்தக்கவையாகக் கொள்ளலாம். ஆண்டுகளை அவ்வாறு கொள்ளலாகாது. சிப்பிக் குஞ்சுகள் பாரில் கூட்டமாகப் படிந்து, சில ஆண்டுகள் வளர்ந்து, ஐந்தாறு ஆண்டுகளில் மடிகின்றன. மணல் மூடினாலோ, மீன்கள் தின்றாலோ முழுத் தலைமுறையும் அழியும். ஆதலின் அடுத்தடுத்த நல்லாண்டுகள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் உரைக்கும் ஒரே சாட்சி எனவே அவற்றைக் கருதவேண்டும். நம் கரையின் வரலாறும் இதற்கு ஒப்பானது. நெடிய இடைவெளிக்குப் பின் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் மீளவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது வேறொரு வழியில் கிடைத்த வெற்றி.

எனவே சமச்சீர்மை என்பது அறியாமையின் இயல்பான விளைவன்று. அது ஒரு தீர்ப்பு. இவை இரண்டும் நம் பொருளுக்கு வேறுபாடற்றவை எனச் சொல்லுமுன், வேறுபாடு உண்டா எனத் தேடியிருக்க வேண்டும்.

6. சீலோ, எருசலேம், உத்திரமேரூர்

திருமறையில் சீட்டுப் போடும் நிகழ்ச்சிகள் இவ்வொழுங்கைப் பின்பற்றுவது வியப்பளிக்கிறது. சீலோவில் யோசுவா சீட்டுப் போடுமுன், ஆட்கள் தேசமெங்கும் நடந்து, ஏழு பங்காக வகுத்து எழுதிவந்தனர் (யோசுவா 18). எருசலேம் மேலறையிலும் அவ்வாறே. யூதாசின் இடத்துக்கு நூற்றிருபது பேரின் பெயரும் எழுதிப் போடப்படவில்லை. யோவானின் ஞானஸ்நானம் முதல் ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை உடனிருந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் தகுதி முதலில் வரையறுக்கப்பட்டது. இருவர் நிறுத்தப்பட்டனர். ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. அதன் பின்னரே சீட்டு. அது மத்தியாவின் பெயருக்கு விழுந்தது (அப்போஸ்தலர் 1). மனிதரால் அறியக்கூடியவை அனைத்தும் அறியப்பட்டு, இனி வேறுபடுத்த மனிதருக்குக் காரணம் இல்லை என்னும் எல்லையில்தான் சீட்டு வருகிறது. நீதிமொழிகள் 16:33 கர்த்தரால் வருவதாகச் சொல்லும் தீர்ப்பு, விசாரணையைத் தவிர்ப்பவருக்குக் கிடைக்கும் குறுக்குவழி அன்று.

நம் தமிழகத்தின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை, இதே ஒழுங்கைக் காட்டுகின்றன. காணி, சொந்த மனை, வயது, கல்வி ஆகிய தகுதிகள் முதலில் கேட்கப்பட்டன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர். தகுதியுற்றோர் பெயர்களை எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்பட்டன; உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். குடத்துக்குள் ஓலைகள் யாவும் சமம். ஆயின் நாம் மற்றொன்றையும் மறைக்கலாகாது. நிலமற்றோர் ஓலையும் பெண்கள் ஓலையும் அக்குடத்துக்குள் செல்லவே இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாயினும், குடத்துக்குள் யாரை விட்டோம் என்னும் வினாவுக்கு அது விடையாகாது. கொட்டில் நின்ற மூன்று குவியல்களும் சமமே. மூன்றில் இரண்டு அரசுக்கு, உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு ஒன்று என்னும் விதியின் நீதியோ குவியல்களின் சமத்துவத்தால் நிறுவப்படவில்லை.

7. ஆயர் பணிக்குச் சில முடிவுகள்

முதலாவது, சான்று கேட்குமுன் பெயர்களைச் சமமாக வைத்தல். சபையில் ஒரு வழக்கு வரும்போது, இன்ன குடும்பத்தான், இன்ன தெருவான், இன்ன குலத்தான் என்னும் செய்தியால் தீர்ப்பு முன்கூட்டியே சாயுமாயின், அது நீதிக்கு மட்டுமன்றி அறிவுக்கும் மாறானது.

இரண்டாவது, சான்று வந்தபின் கற்றுக்கொள்ளுதல். இரு தரப்பையும் சமமாகவே பார்க்கிறேன் என்று சொல்லி, மீண்டும் மீண்டும் வரும் முறையீட்டுக்குப் பின்னும் 1/2 என்னும் இடத்திலேயே நிற்பவர் நடுநிலையாளர் அல்லர். வன்முறைக்கு ஆளான பெண் மூன்றாம் முறை ஆயரின் வாசலுக்கு வரும்போதும், கணக்குக் காட்டாத பொருளாளர் மூன்றாம் ஆண்டும் சாக்குச் சொல்லும்போதும், இத்தகைய சமத்துவம் வலியவனுக்கே துணைபோகிறது.

மூன்றாவது, ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளால் பொதுவிதி செய்யாதிருத்தல். கடலுக்குச் சென்ற ஒரு வீட்டார் இருமுறை இழப்புக்கு உள்ளானால், அவ்வீட்டின்மேல் சாபம் உண்டென ஊர் பேசும். சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப்பேரை மற்றவரினும் குற்றவாளிகளென எண்ணுவதை ஆண்டவர் மறுத்துரைத்தார் (லூக்கா 13). துக்க வீட்டில் பேச எழும் ஆயர் அம்மறுப்பை மறவாதிருப்பாராக.

நான்காவது, திருவுளச் சீட்டை அதன் இடத்தில் வைத்தல். சபைப் பொறுப்புகளுக்கு ஆள் தெரியும்போது, ஆராயவேண்டியதை ஆராயாமல் சீட்டெடுப்பது விசுவாசம் போலத் தோன்றினும் உண்மையில் சோம்பலே. ஆராய்ந்து முடித்தபின், சமமாக நிற்போருக்கிடையே சீட்டெடுப்பது மனத்தாழ்மையாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆயரின் கடமை.

நல்ல முத்தைத் தேடிய வணிகனைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை (மத்தேயு 13) நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவன் மூடிய சிப்பிகளை ஏலத்தில் எடுத்தவன் அல்லன். பல முத்துகளைப் பார்த்துத் தேறியவன். விலையுயர்ந்த ஒன்றைக் கண்டான். கண்டபின் தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று அதனைக் கொண்டான். தேடும் நாளில் எம்முத்தையும் இகழாமல் கையிலெடுத்து நோக்கும் பொறுமையும், கண்ட நாளில் தயங்காத துணிவும் அவனிடம் ஒருங்கே இருந்தன. இவ்விரண்டையும் ஒருங்கே உடையராதலே நம் மாணாக்கர்க்கும் ஆயர்க்கும் வேண்டுவது.